வயதானவர்களுக்குச் சுகர் இறங்கினால்: முன்னேற்பாட்டிலிருந்து மருந்துச் சீட்டு மாறும் வரை

அப்பாவுக்கோ அம்மாவுக்கோ 65 வயது தாண்டிவிட்டது, டைப் 2 சர்க்கரை நோய் வந்து பல வருடம் ஆகிறது, தினமும் மாத்திரையோ இன்சுலினோ ஓடிக்கொண்டிருக்கிறது என்றால் இது உங்களுக்கானது. தனியாக வசிக்கும் பெரியவர்களுக்கும் இது பயன்படும்.

பெரும்பாலான வீடுகளில் சுகர் ஏறுகிறதா என்றுதான் எல்லோரும் கவனிக்கிறார்கள். இறங்கினால் என்ன செய்வீர்கள் என்று கேட்டால் "ஒரு சாக்லேட் கொடுப்போம்" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. எங்கள் வீட்டுப் பெரியவர்களுக்கும் அக்கம்பக்கத்தில் உள்ளவர்களுக்கும் இப்படி ஆனபோது கூட நின்று பார்த்திருக்கிறேன். எல்லோரும் தடுமாறுவது வரிசையில்தான். முதலில் குளுக்கோமீட்டரைத் தேடுகிறார்கள், அது கிடைத்தால் ஸ்ட்ரிப் இல்லை, அப்புறம் டாக்டருக்கு போன், கடைசியில்தான் வாயில் சர்க்கரை. அதற்குள் இருபது நிமிடம் போய்விடுகிறது. அந்த இருபது நிமிடத்தைத் தாங்கும் உடம்பு முப்பது வயதில் இருக்கலாம், எழுபத்தைந்தில் இருக்காது.

1. எந்த மருந்து சுகரை இறக்கும் என்று இன்றைக்கே பாருங்கள்

மாத்திரை டப்பாவை எடுத்து ஒவ்வொரு அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள். கம்பெனி வைத்த பெயர் வேண்டாம், அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயர்தான் வேண்டும். கிளிமிபிரைடு, கிளிக்லசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு ஆகிய நான்கில் ஒன்று இருந்தால் கவனம் தேவை. இவை சாப்பிட்டோமா இல்லையா என்று பார்க்காமல் கணையத்தை இன்சுலின் சுரக்க வைக்கும். அதனால்தான் ஒரு வேளை சாப்பாடு தவறினாலும் சுகர் இறங்குகிறது. நான்கிலும் கிளிபென்கிளமைடு உடம்பில் நீண்ட நேரம் தங்குவது. வயதானவர்களுக்கு அதைத் தவிர்க்கச் சொல்வதே இன்றைய மருத்துவ வழக்கம். பழைய சீட்டிலேயே பல வருடமாக அது ஓடிக்கொண்டிருந்தால் அடுத்த முறை டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது அதைப் பற்றித்தான்.

இன்சுலின் எதுவாக இருந்தாலும் சுகரை இறக்கக்கூடியது. மெட்ஃபார்மின், சிடாகிளிப்டின், வில்டாகிளிப்டின், டெனிலிகிளிப்டின், டாபாகிளிஃப்ளோசின் போன்றவை தனியாக இருந்தால் இந்தத் தொல்லை குறைவு. மேலே சொன்னவற்றோடு சேரும்போதுதான் ஆபத்து கூடுகிறது.

நம்மூரில் கிளிமிபிரைடு, மெட்ஃபார்மின், வோக்ளிபோஸ் மூன்றும் ஒரே மாத்திரையில் கலந்து வருவது மிகவும் சாதாரணம். அந்த அட்டையில் வோக்ளிபோஸ் அல்லது அகார்போஸ் என்று இருந்தால் வட்டம் போட்டு வையுங்கள். காரணம் அடுத்த பகுதியில் வருகிறது.

இன்னொன்று, ஒரே மருந்து இரண்டு பெயரில் வீட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, தனியார் டாக்டர் எழுதிய அட்டையும் இருக்கிறது, இரண்டிலும் கிளிமிபிரைடு. பெயரும் நிறமும் வேறு என்பதால் பாட்டி இரண்டையும் விழுங்கிக்கொண்டிருப்பார். அட்டைகளை மேசையில் பரப்பி வைத்துப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

2. முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டியவை

குளுக்கோஸ் பவுடர் மூன்று டப்பா. ஒன்று கட்டில் பக்கத்தில், ஒன்று சமையலறையில், ஒன்று வெளியே போகும்போது எடுக்கும் பையில். வீட்டுச் சர்க்கரை போதாதா என்று கேட்பார்கள். வோக்ளிபோஸோ அகார்போஸோ சாப்பிடாதவர்களுக்குப் போதும். சாப்பிடுகிறவர்களுக்குப் போதாது, ஏனென்றால் நாம் காபியில் போடும் சர்க்கரையைக் குடலில் உடைத்தால்தான் அது ரத்தத்தில் ஏறும், அந்த உடைப்பைத்தான் இந்த இரண்டு மருந்தும் தடுக்கின்றன. வெல்லம், ஜூஸ், சாக்லேட்டுக்கும் அதே கதி. குளுக்கோஸை உடைக்க வேண்டியதில்லை, நேராக ஏறும். அவசரத்தில் எந்த மாத்திரை என்று யோசித்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் எல்லா வீட்டிலும் குளுக்கோஸ் பவுடரையே வைத்துவிடுவது நல்லது.

வீட்டில் எல்லோரும் சுகர் ஃப்ரீ இனிப்புக்கு மாறியிருந்தால் இன்னும் கவனம். அதைக் கரைத்துக் கொடுத்தால் இறங்கிய சுகரைத் தூக்க உதவாது. டயட் கோலாவும் அப்படித்தான்.

குளுக்கோமீட்டர், காலாவதியாகாத ஸ்ட்ரிப், ஊசி முனை மூன்றும் ஒரே பையில் இருக்கட்டும். ஸ்ட்ரிப் டப்பாவை மூடாமல் வைத்தால் ஈரம் பட்டு அளவு தப்பாகக் காட்டும்.

அப்புறம் ஒரு காகிதம். பெரியவரின் பெயர், வயது, மருந்துகளும் அளவும், சிறுநீரகப் பிரச்சினை உண்டா, டாக்டரின் எண், மகன் அல்லது மகளின் எண். ஒன்றை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டி, இன்னொன்றை அவர் சட்டைப் பையிலோ பர்ஸிலோ வையுங்கள். 108 வந்து கேட்கும்போது "மஞ்சள் கலரில் ஒரு மாத்திரை" என்று சொல்லி யாருக்கும் பயனில்லை.

3. வயதானவர்களிடம் அறிகுறி வேறு மாதிரி வரும்

கை நடுக்கம், படபடப்பு, வியர்வை, கொலைப்பசி இவைதான் எல்லோரும் சொல்லும் அறிகுறிகள். வயதாக ஆக, சர்க்கரை நோய் நாள்பட, இந்த எச்சரிக்கை மங்கிப் போகிறது. இதயத்துக்கோ பிரஷருக்கோ மெட்டோபிரோலால், அடினோலால், புரோப்ரனோலால் போன்றவை சாப்பிடுகிறவர்களுக்குப் படபடப்பும் நடுக்கமும் தெரியாமலே போகலாம். வியர்வை மட்டும் வரும். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும் ஆளுக்குச் சட்டை முதுகோடு ஒட்டும் அளவுக்கு வியர்த்தால் சுகர் என்றுதான் முதலில் நினைக்க வேண்டும்.

மூளைக்குக் குளுக்கோஸ் குறைவதால் வரும் மாற்றங்கள்தான் இவர்களிடம் பெரிதாகத் தெரியும். கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில், பேச்சுக் குழறல், காரணமே இல்லாமல் எரிந்து விழுவது, நடையில் தள்ளாட்டம், ஒரே இடத்தை வெறித்துப் பார்ப்பது. டீ டம்ளரைப் பிடித்தபடியே அதை என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருக்கும் தாத்தாவைப் பார்த்து "வயசாயிடுச்சு, மறதி" என்று விட்டுவிடுகிறார்கள். சில நேரம் ஒரு பக்கக் கை கால் பலவீனமாகி அப்படியே பக்கவாதம் போலவும் தெரியும். பக்கவாதமேதான் என்றாலும் சுகர் பார்க்க ஒரு நிமிடம்தான், 108ஐ அழைத்துக்கொண்டே பார்த்துவிடலாம்.

காலையில் நன்றாக இருந்தவர் பதினொரு மணிக்கு வேறு ஆளாக நடந்துகொண்டால், சுகர் இறக்கும் மருந்தும் சாப்பிடுகிறார் என்றால், முதல் சந்தேகம் தாழ்சர்க்கரை. ஒத்துழைக்க மாட்டார். "எனக்கு ஒண்ணுமில்ல, போ" என்பார். அதுவும் அறிகுறிதான், மனம் நோக வேண்டாம்.

4. இறங்கிவிட்டது: இந்த வரிசையில் செய்யுங்கள்

முதலில் உட்கார வையுங்கள். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தால் அந்த வயதில் அது தனி நோயாகிவிடும்.

மீட்டர் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தால் பாருங்கள். இல்லையென்றால் தேடிக்கொண்டு நிற்காமல் நேராகக் குளுக்கோஸ் கொடுத்துவிடுங்கள். சுகர் இறங்காத ஆளுக்குத் தவறுதலாக மூன்று ஸ்பூன் குளுக்கோஸ் போனால் கொஞ்ச நேரம் அளவு ஏறி இறங்கும், அவ்வளவுதான். இறங்கிய ஆளுக்குக் கொடுக்காமல் விட்டால் மூளையும் இதயமும் பாதிக்கப்படும். இதயத் துடிப்பு தாறுமாறாகும் அபாயமும் இருக்கிறது.

70க்குக் கீழே என்றால் தாழ்சர்க்கரை. 54க்குக் கீழே என்றால் கடுமையானது. மீட்டர் 75 காட்டுகிறது, ஆளோ வியர்த்துக் குழறுகிறார் என்றால் ஆளை நம்புங்கள். நல்ல மீட்டரிலும் பதினைந்து புள்ளி வரை அப்படி இப்படி இருக்கலாம். சற்று முன் மாம்பழமோ வாழைப்பழமோ தொட்ட விரலில் குத்தினால் இன்னும் கூடுதலாகக் காட்டும்.

கொடுக்க வேண்டிய அளவு 15 கிராம் குளுக்கோஸ். அதாவது நிறைய அள்ளிய மூன்று டீஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில். அவரே டம்ளரைப் பிடித்து மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். தலையை அண்ணாந்து பிடித்து ஊற்றக் கூடாது, புரையேறிவிடும். குளுக்கோஸ் இல்லாத இடத்தில் சர்க்கரைத் தண்ணீர், சாதாரண கோலா, இனிப்பு ஜூஸ் அரை டம்ளருக்குக் கொஞ்சம் கூட, அல்லது ஒரு மேசைக்கரண்டித் தேன்.

சாக்லேட், ஐஸ்கிரீம், பால், லட்டு, பிஸ்கட் இந்த நிமிடத்துக்கானவை அல்ல. அவற்றில் உள்ள கொழுப்பும் மாவும் சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். இட்லி ஊட்ட உட்காருகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். அன்பு புரிகிறது, ஆனால் இட்லி சுகர் ஏறிய பிறகுதான்.

கொடுத்ததும் கடிகாரத்தைப் பார்த்து 15 நிமிடம் காத்திருங்கள். இந்தக் காத்திருப்புதான் எல்லோருக்கும் கஷ்டமாக இருக்கிறது. ஐந்து நிமிடத்தில் தெளியவில்லையே என்று இன்னொரு டம்ளர், அப்புறம் இரண்டு ஜிலேபி, அப்புறம் வாழைப்பழம் என்று போனால் ஒரு மணி நேரம் கழித்து 320 காட்டும், அதைப் பார்த்துப் பயந்து இரவு இன்சுலினைக் கூட்டிப் போடுவார்கள், விடியற்காலையில் மறுபடி இறங்கும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். இன்னும் 70க்குக் கீழே என்றால் இன்னொரு 15 கிராம், இன்னொரு 15 நிமிடம். மூன்றாவது முறையும் ஏறவில்லை என்றால் ஆஸ்பத்திரிக்குக் கிளம்ப வேண்டியதுதான். ஆள் இன்னும் குழப்பமாகிக்கொண்டே போனால் மூன்றாவது முறை வரை காத்திருக்கவும் வேண்டாம்.

5. மயங்கிவிட்டால், வலிப்பு வந்தால்

வாயில் எதையும் வைக்காதீர்கள். தண்ணீரோ தேனோ சர்க்கரையோ எதுவும் வேண்டாம். விழுங்க முடியாத ஆளுக்கு ஊற்றுவது நுரையீரலுக்குள் போகும், தாழ்சர்க்கரையில் பிழைத்தவர் அதில் போய்விடக்கூடும்.

இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வையுங்கள், பல்செட் இருந்தால் எளிதாக வருமானால் மட்டும் எடுத்துவிடுங்கள், 108ஐ அழையுங்கள். போனில் "சர்க்கரை நோயாளி, சுகர் இறங்கி மயக்கம், வயது இவ்வளவு" என்று அந்த வார்த்தைகளிலேயே சொல்லுங்கள். நரம்பில் டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ் திரவம்) ஏற்றித்தான் பெரும்பாலும் இவரை எழுப்புவார்கள். அந்தச் சமயத்தில் இன்சுலின் போடக் கூடாது என்று இங்கே எழுத வேண்டியிருப்பதற்குக் காரணம், "சுகர் மயக்கம்" என்றதும் ஊசியைத் தேடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

6. ஏறிவிட்டது, ஆனால் முடியவில்லை

70ஐத் தாண்டியதும் அடுத்த சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தால் இரண்டு இட்லியோ, ஒரு சப்பாத்தியோ, பிஸ்கட்டும் பாலுமோ கொடுங்கள். குளுக்கோஸ் சீக்கிரம் ஏறியது போலவே சீக்கிரம் தீர்ந்துவிடும். மாத்திரையோ இன்சுலினோ இன்னும் உள்ளே வேலை செய்துகொண்டிருக்கிறது.

கிளிமிபிரைடு வகை மாத்திரையால் இறங்கியது என்றால், அதிலும் சிறுநீரகம் பலவீனமாக இருந்தால், ஒரு நாளுக்கு மேலும் திரும்பத் திரும்ப இறங்கலாம். இதைத்தான் குடும்பங்கள் ரொம்பவும் அலட்சியமாக எடுத்துக்கொள்கின்றன. ஒரு பாட்டில் ஏற்றினார்கள், அப்பா எழுந்து உட்கார்ந்து காபி கேட்டார், வீட்டுக்குப் போகலாம் என்று கையெழுத்துப் போட்டுக் கூட்டி வந்துவிடுவார்கள். நள்ளிரவில் மறுபடி அதே நிலைமை. டாக்டர் ஒரு நாள் தங்கச் சொன்னால் தங்குங்கள். டாக்டர் சொல்லாவிட்டாலும் "இவர் கிளிமிபிரைடு சாப்பிடுகிறார், மறுபடி இறங்குமா" என்று நீங்களே கேளுங்கள்.

விழுந்திருந்தால் தலையில் அடி பட்டதா என்று பாருங்கள். கிளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் வெளியே காயம் தெரியாவிட்டாலும் காட்டிவிடுவது நல்லது.

7. ஏன் இறங்கியது என்று அன்றைக்கே எழுதுங்கள்

மறுநாளுக்குத் தள்ளினால் மறந்துவிடும். முந்தைய ஒரு நாளைப் பின்னோக்கி நடந்து பாருங்கள்: என்ன சாப்பிட்டார், எப்போது, எந்த மருந்து, எவ்வளவு, புதிதாக ஏதாவது.

சாப்பாடுதான் பெரும்பாலும் காரணம். பல் வலி, பசியின்மை, வயிற்றுப்போக்கு. ஆடி அமாவாசைக்குத் தர்ப்பணம் முடிந்து காக்கைக்குச் சோறு வைத்த பிறகுதான் சாப்பாடு, ஆனால் காலை எட்டு மணிக்கே வழக்கம்போல மாத்திரை போட்டாயிற்று. ஏகாதசி, கிருத்திகை, ரமலான் நோன்பு எதுவானாலும் அதுதான் நிலைமை. விரதம் இருக்கக் கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். அது அவர்கள் வாழ்க்கையின் பகுதி. ஒரு வாரம் முன்பே டாக்டரிடம் சொல்லி அன்றைக்கான மருந்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

வெறும் வயிற்றில் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போகும் நாளும் இப்படித்தான். வீட்டிலேயே மாத்திரை போட்டுவிட்டு லேபில் வரிசையில் காத்திருப்பார்கள். அன்று மாத்திரையும் ஊசியும் எப்போது என்று முந்தின நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இன்சுலின் என்றால் சிரிஞ்சைப் பாருங்கள். நம்மூரில் குப்பியில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 40 யூனிட், அதற்குச் சிவப்பு மூடி சிரிஞ்ச். பேனாவில் வருவது பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 யூனிட். பேனா கெட்டுப்போயிற்று என்று அதன் காட்ரிட்ஜிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சில் 10 கோடு இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். ஒரே இடத்தில் குத்திக் குத்திக் கட்டி விழுந்த தோலில் இன்சுலின் சரியாக ஏறாது. திடீரென்று புது இடத்துக்கு மாறினால் முழுதாக ஏறி சுகர் இறங்கும். இடம் மாற்றுவது அவசியம்தான், மாற்றும் வாரத்தில் அடிக்கடி பாருங்கள்.

புது மருந்து ஏதாவது சேர்ந்ததா? லீவோஃப்ளாக்சசின், சிப்ரோஃப்ளாக்சசின், கோட்ரைமாக்சசோல், கிளாரித்ரோமைசின் போன்ற ஆன்டிபயாடிக்குகளும், பூஞ்சைக்குத் தரும் ஃப்ளூகோனசோலும் கிளிமிபிரைடோடு சேரும்போது சுகரை இறக்கலாம். யாரோ சொன்னார்கள் என்று வாங்கிய மூலிகைச் சூரணத்தையும் கணக்கில் எடுங்கள். அப்படி விற்ற சிலவற்றில் ஆங்கில மருந்தே கலந்திருந்தது பரிசோதனைகளில் வெளிவந்திருக்கிறது.

மது அருந்துகிறவர் என்றால் கூச்சப்படாமல் எழுதுங்கள். மது உள்ளே இருக்கும்போது கல்லீரல் புதிதாகச் சர்க்கரை தயாரிக்காது. சாப்பிடாமல் குடித்துவிட்டுப் படுத்தால் விடியற்காலையில் இறங்கும்.

8. இரவு

தனியாகச் சொல்லக் காரணம், தூக்கத்தில் இறங்குவது யாருக்கும் தெரிவதில்லை. காலையில் தலையணை ஈரம், தலைவலி, கெட்ட கனவு, எழுந்ததும் ஒரு மந்தம் இருந்தால் சந்தேகப்படுங்கள். இரண்டு மூன்று நாள் அதிகாலை 3 மணிக்கு அலாரம் வைத்துப் பாருங்கள்.

படுக்கும் முன் 100க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் படுக்கச் சொல்லுங்கள். தனியாக இருக்கும் பெரியவர் என்றால் காலையில் குறிப்பிட்ட நேரத்தில் ஒரு போன். எடுக்கவில்லை என்றால் போய்ப் பார்க்கப் பக்கத்து வீட்டில் ஒருவரிடம் சாவி. இதை முன்கூட்டியே பேசி வையுங்கள்.

9. டாக்டரிடம் கேட்க வேண்டியது

ஒரு முறை 54க்குக் கீழே போனாலோ, மற்றவர் உதவி தேவைப்பட்டாலோ, அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் அந்த வாரமே போங்கள். எழுதி வைத்த குறிப்பு, மருந்து அட்டைகள், கடைசியாக எடுத்த கிரியாட்டினின் (சிறுநீரகப் பரிசோதனை) ரிப்போர்ட் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். சிறுநீரகம் தளர்ந்தால் இன்சுலினும் இந்த மாத்திரைகளும் உடம்பை விட்டு வெளியேற நேரமாகும். ஐந்து வருடம் முன்பு பொருந்திய அளவு இன்று அதிகம். எடை குறைந்திருந்தாலும் அப்படித்தான்.

மூன்று மாதச் சராசரி (HbA1c) 6.2 என்று வந்தால் வீட்டில் சந்தோஷப்படுவார்கள். இன்சுலினிலோ கிளிமிபிரைடிலோ இருக்கும் 78 வயதுக்காரருக்கு அந்த எண் கவலைக்குரியது. ஆரோக்கியமாக இருக்கும் முதியவருக்கு 7 முதல் 7.5க்குள், இதயம், சிறுநீரகம், ஞாபகம் என்று பல பிரச்சினை உள்ளவருக்கு 8க்குள் இருந்தால் போதும் என்பதுதான் அமெரிக்க நீரிழிவு சங்கத்தின் வழிகாட்டுதல். மிகவும் தளர்ந்தவர்களுக்கு அந்த எண்ணையே துரத்த வேண்டாம், சுகர் இறங்காமலும், அதிகமாகி உடம்பை வாட்டாமலும் பார்த்தால் போதும் என்கிறது.

நேரடியாகக் கேளுங்கள்: "இவருக்கு இலக்கு எவ்வளவு? கிளிமிபிரைடைக் குறைக்கலாமா, வேறு மாத்திரைக்கு மாற்றலாமா? சாப்பிடாத வேளையில் எந்த மருந்தை நிறுத்த வேண்டும், எதை நிறுத்தக் கூடாது? சாப்பாட்டு அளவு நிச்சயமில்லாததால் சாப்பிட்ட பிறகு போடும் இன்சுலின் உண்டா?" பதிலை அவர் எதிரிலேயே எழுதிக்கொள்ளுங்கள். நீங்களாகவே எல்லா மருந்தையும் நிறுத்திவிடுவது இன்னொரு ஆபத்து, காய்ச்சல் நேரத்தில் இன்சுலினை நிறுத்துவது அதில் முக்கியமானது.

அளவு குறைந்த பிறகு இரண்டு வாரம் காலை வெறும் வயிற்றிலும் படுக்கும் முன்பும் பார்த்து எழுதுங்கள். முன்பு 110 காட்டிய மீட்டர் இப்போது 150 காட்டும், சாப்பிட்ட பின் 200ஐத் தொடும். உறவினர் யாராவது பார்த்துவிட்டு "என்னப்பா இவ்வளவு ஏறியிருக்கு, பழைய மாத்திரையையே போடு" என்பார்கள். பழைய அட்டையை வீட்டில் வைத்திருக்காமல் மருந்துக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அல்லது அப்புறப்படுத்திவிடுங்கள். எண் 300ஐ நோக்கிப் போனாலோ, தாகமும் அடிக்கடி சிறுநீரும் வந்தாலோ டாக்டரை அழையுங்கள்.